கிளவுட் மெட்டீரியல் கேட்டீங்களாமே?

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பின் சீட்டில் துணி மூட்டை. இறங்கி வந்தவரை எனக்கு முன்பின் தெரியாது. நாற்பது வயதிருக்கும். விரல் நகங்களில் எல்லாம் நீலமும் கறுப்புமாகச் சாயம் ஏறியிருந்தது.

"அக்கா, கிளவுட் மெட்டீரியல் கேட்டீங்களாமே? கொண்டாந்துக்கிறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன். மூன்று வாரமாக நான் நாய் படாத பாடு பட்டுத் தேடிக்கொண்டிருந்த ஸ்டடி மெட்டீரியலை, யாரோ ஒரு புண்ணியவான் வீடு தேடிக் கொண்டுவந்து... அதுவும் மூட்டையாக!

அவர் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே பட்டு நூல். நாலு கட்டு. மழைக்கு முன்னால் வானம் இருக்குமே, அந்தச் சாம்பல் நிறம்.

அசல் கிளவுட் கலர், முந்தாநாள்தான் சாயம் போட்டது என்றார் அவர்.

சிரிக்காதீர்கள். எனக்கே இப்போதுதான் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்தது வேறு.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு நான் பகலில் என்ன செய்கிறேன் என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சர்வர் ரூம் என் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ். என்னோடு அந்த ரூமில் வேலை பார்ப்பவர் ஜாஃபர். அவரும் இதே ஊர். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். நாங்கள் இருவரும் சேர்ந்தால்தான் அந்தக் கம்பெனியின் மொத்தக் கம்ப்யூட்டரும் மூச்சு விடும். அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் ஹெச்.ஆரிலிருந்து மெயில் வந்தது. 'அன்பான குழுவினரே' என்று ஆரம்பித்தாலே நான் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன். சர்வர் ரூமை மூடப்போகிறார்களாம். எல்லாம் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் வேறொரு கம்பெனியின் சர்வர்களுக்கு, போகிறதாம். அடுத்த மாதக் கடைசிக்குள் நாங்கள் இருவரும் கிளவுட் சர்ட்டிஃபிகேஷன் பரீட்சை எழுதிப் பாஸ் செய்ய வேண்டுமாம். பாஸ் ஆகாதவர்கள் 'வேறு பொருத்தமான பணிக்கு' மாற்றப்படுவார்களாம்.

பொருத்தமான பணி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அக்கவுன்ட்ஸில் இருந்த ஓர் அம்மாவை இதே வார்த்தை சொல்லித்தான் ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். கேட் பக்கத்து ஷெட்டில் உட்கார்ந்து கையுறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றே மாதத்தில் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மாற்றுவது என்பது, அனுப்புவதற்கு அவர்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர்.

எனக்கு வயது நாற்பத்தாறு. இந்த வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் ரெஸ்யூமேயை நீட்டிக்கொண்டு நிற்கும் தெம்பு எனக்கு இல்லை. பயமாக இருந்தது. அதை வெளியே சொல்லாமல், "ஒரு பரீட்சைதானே, எழுதிட்டாப் போச்சு" என்று ஜாஃபரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, அன்றைக்கே பரீட்சைக்குத் தேதி போட்டேன். படிப்பதற்கு என்ன கிடைக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

கிடைக்காமல் இல்லை. அதுதான் கொடுமை. எல்லாமே கிடைக்கிறது!

முதலில் வீடியோ. அறுபது மணி நேரப் பாடம் என்று ஒருவர் போட்டிருந்தார். முதல் இருபது நிமிடம் அவரைப் பற்றி. அடுத்த பத்து நிமிடம் மணியை அழுத்துங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் அழுத்தச் சொல்லுங்கள். அதைத் தாண்டினால், "நண்பர்களே, சர்வர் என்றால் என்ன தெரியுமா?" என்று கேட்கிறார். பத்தொன்பது வருடமாக அதோடுதானே ஐயா குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்... இன்னொருவர் நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் கீழே வந்திருந்த கருத்துகளை நான் படித்திருக்கக் கூடாது. 'இது மட்டும் படித்தால் போதுமா ப்ரோ?' என்று ஒருவர். 'இது மட்டும் போதாது ப்ரோ' என்று இன்னொருவர். எது போதும் என்று எந்த ப்ரோவும் சொல்லவில்லை. நானும் அடுத்த வீடியோவுக்குப் போனேன். அங்கேயும் அதே ப்ரோக்கள்.

திரையில் படித்தால் எனக்கு மண்டையில் ஏறாது, புத்தகமாக வாங்கிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். போலீஸ் பரீட்சைக்கு இருக்கிறது, பாங்க் பரீட்சைக்கு இருக்கிறது, வி.ஏ.ஓ.வுக்கு இருக்கிறது, இது எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டார். டிபார்ட்மென்ட் எல்லாம் இல்லை என்றேன். பாஸானால் போஸ்டிங் எங்கே போடுவார்கள் என்று கேட்டார். போஸ்டிங்கும் இல்லை, இருக்கிற வேலையில் தொடர்ந்து இருக்கலாம், அவ்வளவுதான் என்றேன். அவர் என்னை ரொம்ப நேரம் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு ஒரு பொது அறிவுப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, எதற்கும் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அடுத்தது கோச்சிங் சென்டர். ஒரு ஸ்வீட் ஸ்டால் மாடியில் இருந்தது. 'நூறு சதவீதம் பாஸ்' என்று போர்டு. ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம், எத்தனை நாள் வகுப்பு, யார் நடத்துகிறார்கள் என்று விசாரித்தேன். அந்தப் பெண்ணுக்கு என் கேள்வியே புரியவில்லை.

"நீங்க எதுக்கு மேடம் படிச்சுக்கினு? டம்ப்ஸ் குடுத்துடுவோம். மனப்பாடம் பண்ணிக்கினு போய் டிக் அடிச்சுட்டு வந்துடுங்க."

டம்ப்ஸ் என்றால், பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்கள் கேள்விகளை ஞாபகம் வைத்து வெளியே கொண்டுவந்து விற்பது. பிடிபட்டால் சர்ட்டிஃபிகேட்டை ரத்து செய்துவிடுவார்கள். எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த நாற்காலியில் முழுதாக ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நாளைக்குக் கம்பெனியில் சிஸ்டம் படுத்துவிட்டது, புரொடக்‌ஷன் நிற்கிறது, மேனேஜர் வந்து மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறார். 'விடை பி' என்று சொன்னால் சிஸ்டம் எழுந்துவிடுமா? யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அப்போதுதான் ஜாஃபர் ஒரு பி.டி.எஃப். அனுப்பினார். பெங்களூரில் இருக்கும் அவருடைய மச்சான் படித்துப் பாஸான மெட்டீரியலாம். அறுநூற்று நாற்பது பக்கம்.

"மச்சான் இத மட்டுந்தான் படிச்சாராம்க்கா. இது போதும்" என்றார் ஜாஃபர்.

இது போதும்! இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே நான் ஊரெல்லாம் அலைந்தேன்? உடனே ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அந்தப் பையன் முழுவதையும் பிரின்ட் எடுத்து, மேலே ரோஸ் கலர் அட்டை வைத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தான். அட்டையில் என் பெயரைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போது மஞ்சள் பேனா, வரும்போது பச்சைப் பேனா. ஒரு பக்கம் விடாமல் கோடு போட்டேன்.

ஆனாலும் ஏதோ சரியில்லை. மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தால் பாதிக் கேள்வி, கேள்விப்பட்டதே இல்லாத விஷயமாக வந்தது. மார்க் தரையைத் தொட்டது. அதே பக்கத்தை மறுபடி படிப்பேன். மறுபடி எழுதுவேன். மறுபடி தரை. எனக்கு வயதாகிவிட்டது, மூளை வேலை செய்யவில்லை என்றே முடிவுக்கு வந்துவிட்டேன். குளியலறையில் போய் ஒரு முறை அழுதேன். இன்னும் வேறு மெட்டீரியல் வேண்டும் என்று தோன்றியது.

இங்கேதான் என் வீட்டுக்காரர் வருகிறார். செல்வம். பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவர் தொழில். அவருடைய போனில் நெசவாளிகள், சாயக்காரர்கள், ஜரிகைக்காரர்கள் எல்லாரும் இருக்கும் ஒரு குரூப் உண்டு. அதில் பலருடைய பிள்ளைகள் ஐ.டி.யில் இருக்கிறார்கள். திங்கள்கிழமை காலை பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், உங்க குரூப்பில் யாரிடமாவது கிளவுட் மெட்டீரியல் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். மனிதர் நான் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் தட்டி விட்டிருக்கிறார். 'வீட்டுக்கு அர்ஜென்ட்டாக கிளவுட் மெட்டீரியல் வேணும்.'

வேறு எந்த ஊராக இருந்தாலும் இது நடந்திருக்காது. எங்கள் ஊரில் மெட்டீரியல் என்றால் ஒன்றே ஒன்றுதான் — தறிக்குப் போகிற பட்டும் ஜரிகையும். மற்ற ஊரில் சௌக்கியமா என்று கேட்பார்கள். இங்கே மெட்டீரியல் வந்துச்சா என்று கேட்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். பயத்தில் மறந்துவிட்டது.

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயக்காரர் முனிரத்தினம் எங்கள் வாசலில் நாலு கட்டுப் பட்டு நூலோடு நின்றார்.

செல்வத்தை அழைத்து, என்ன இது என்று கேட்டேன். அவர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீதானம்மா மெட்டீரியல்னு சொன்ன?" என்றார். தப்பு என்னுடையதாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையிலிருந்த ரோஸ் கலர் அட்டைக் கட்டை அவர் மேலேயே போட்டிருப்பேன். அறுநூற்று நாற்பது பக்கம் — தாங்க மாட்டார். விட்டுவிட்டேன்.

முனிரத்தினத்தைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. ஓரிக்கையிலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஆளை மனம் நோகாமல் அனுப்ப வேண்டும். அதனால் ஒரு பொய் சொன்னேன். இதே கலர் மெட்டீரியல் ஏற்கனவே ஒருவரிடம் வாங்கிவிட்டோம், இனிமேல் வேண்டாம் என்றேன்.

அவர் விடவில்லை. "இன்னா லாட் நம்பருக்கா?"

எனக்கென்ன தெரியும்? அதே கலர்தான் என்றேன்.

"கலரு பேரு ஒன்னா இருந்தா ஆச்சா? பாவு ஒரு லாட்டு, ஊடை ஒரு லாட்டுன்னு போட்டீங்கன்னா சேலையே பாழ். பாக்கறதுக்கு ஒன்னாத்தான் இருக்கும், நெய்து முடிச்சாத்தான் தெரியும். போய் கட்டத் திருப்பி சீட்டப் பாருங்க. உங்களுக்கு வேணும்கிற நம்பர்தானா அதுன்னு பாருங்க" என்றார்.

நெடுக்கே ஓடும் நூலும் குறுக்கே ஓடும் நூலும் ஒரே சாயத் தொட்டியில் இறங்கியதாக இருக்க வேண்டும் என்கிறார். அவர் தொழில் அவருக்கு. நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, உள்ளே போய்ப் பார்ப்பது போல நடிக்க வந்தேன். கையில் அதே ரோஸ் கலர் கட்டு. நடிப்பு தத்ரூபமாக இருக்கட்டும் என்று அட்டையைத் திருப்பினேன்.

அட்டைக்கு அடியில் பி.டி.எஃப்.பின் முதல் பக்கம். ஜெராக்ஸ் கடைப் பையன் மேலே அட்டை போட்ட நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை. நேராகப் பாடத்துக்குத்தான் போவேன். அந்தப் பக்கத்தில் பரீட்சையின் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. கடைசியில் ஓர் எண். இரண்டு.

போனை எடுத்து, நான் பரீட்சைக்குப் பதிவு செய்த மெயிலைத் திறந்தேன். அதே பெயர். அதே கோடு. கடைசி எண் மூன்று.

இந்தப் பரீட்சைகள் எல்லாம் அப்படித்தான். பெயரை மாற்ற மாட்டார்கள். பாடத்தை மாற்றிவிட்டு, வால் எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிடுவார்கள். நான் இரண்டு வாரமாக, மஞ்சளும் பச்சையுமாகக் கோடு போட்டு, பஸ்ஸில் தூங்காமல் உட்கார்ந்து படித்தது, எப்போதோ மூடிவிட்ட பழைய பரீட்சைக்கு! மச்சான் பாஸானது உண்மைதான். எந்த வருடம் பாஸானார் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை.

என் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அந்த ப்ரோக்களையா, மச்சானையா, ரோஸ் அட்டை போட்ட பையனையா? ஜாஃபர் ஞாபகம் வந்தது. ஐயோ, அவரும் இதையேதானே படிக்கிறார்! அவர் பரீட்சை எப்போது என்று என்னிடம் சொல்லவே இல்லையே... உடனே போன் போட்டேன். விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டினேன்.

"தெரியும்க்கா" என்றார். "வெள்ளிக்கிழமை எழுதிட்டு வந்தேன். ஃபெயில்."

வெள்ளிக்கிழமை! நாலு நாளாயிற்று. திங்கள்கிழமை முழுக்க என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்துகொண்டு, நான் அந்தக் குப்பைக்குக் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை... நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அச்சில் போட முடியாது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் சொன்னார்.

"நான் குடுத்ததுதானேக்கா அது. நீங்க அதுல கலர் கலரா கோடு போட்டுக்கினு வந்தீங்க. எந்த மூஞ்ச வச்சிக்கினு சொல்றது? நேத்துகூட சொல்லிடலாம்னுதான் பஸ் ஏறினேன்."

அதற்கப்புறம் எனக்குத் திட்ட வரவில்லை. அவருக்கும் அதே மெயில்தான் வந்திருக்கிறது. அவருக்கும் அதே ஸ்டோர்ஸ் ஷெட்தான் காத்திருக்கிறது. ஃபெயிலானால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதலாம் என்று விதி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அப்படியானால் மாதக் கடைசிக்குள் அவருக்கு இன்னும் ஒரு முறை உண்டு. நான் ஃபெயிலானால் மறுபடி எழுதுவதற்குள் மாதம் முடிந்துவிடும்; எனக்கு இருந்ததும் ஒரே முறைதான். நாளைக்குப் பஸ்ஸில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

வாசலுக்கு வந்தால் முனிரத்தினம், செல்வம் கொடுத்த காபியைக் குடித்து முடித்திருந்தார். லாட் நம்பர் ஒட்டவில்லை என்றேன். "நான்தான் சொன்னேனேக்கா" என்று நூல் கட்டை மறுபடி அவிழ்க்கப் போனார். பிறகு செல்வம்தான் முழுக்கதையையும் சொல்லி, பெட்ரோலுக்கு ஏதோ கொடுத்து அனுப்பினார்.

இனி நான் சொல்லப்போவது எனக்கே வெட்கமான விஷயம். பரீட்சைக்குப் பதிவு செய்தேனே, அந்த கிளவுட் கம்பெனியின் இணையப் பக்கம், அங்கே மறுபடி போனேன். பதிவு செய்யும் பட்டனுக்கு நேர் கீழே, இரண்டு விரல் இடைவெளியில், 'தேர்வு வழிகாட்டி' என்று ஒன்று இருந்தது. என்ன கேட்பார்கள், எதைக் கேட்க மாட்டார்கள், எதற்கு எத்தனை மார்க் — எல்லாம் அதில் இருந்தது. இருபது பக்கம்கூட இல்லை. கூடவே மாதிரிக் கேள்விகள். கூடவே நாமே செய்து பழக ஒரு பயிற்சி அக்கவுன்ட். எல்லாம் இலவசம்.

முதல் நாளே நான் அதைப் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டுத் தாண்டிப் போனேன். ஏன் தெரியுமா? இலவசமாக இருந்தது, சின்னதாக இருந்தது, யாருடைய மச்சானும் அதைப் படித்துப் பாஸானதாகச் சொல்லவில்லை. பரீட்சை வைக்கிறவனே சொல்வதை நாம் நம்ப மாட்டோம். பரீட்சை எழுதியவனின் சொந்தக்காரன் சொன்னால் நம்புவோம். நம் ஊரில் எல்லா விஷயத்திலும் இதே கதைதான். மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மருந்துக் கடை வாசலில் நிற்பவரிடம் எத்தனை வேளை போடலாம் என்று கேட்கிற ஆட்கள் நாம். நான் மட்டும் எப்படி வேறாக இருப்பேன்?

மறுநாளிலிருந்து பஸ்ஸின் கடைசி சீட் எங்கள் வகுப்பறை ஆனது. வழிகாட்டியை வைத்துக்கொண்டு பழைய கட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். செல்லுபடியாகும் பக்கத்தை வைத்துக்கொண்டோம், ஆகாததைக் கிழித்தோம். நல்ல வேளை, முக்கால்வாசி தேறியது. புதிதாக வந்த பாடங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவர் கேட்பார், நான் சொல்வேன். நான் தப்பாகச் சொன்னால் முன் சீட்டு கேன்டீன் அம்மா திரும்பி, "நேத்து வேற மாதிரி சொன்னியேம்மா" என்பார். அந்த அம்மாவை உட்கார வைத்திருந்தாலும் பாஸாகியிருப்பார்.

ஜாஃபர் ஒரு காரியம் செய்தார். வெள்ளிக்கிழமை தான் திணறிய பாடங்கள் எவை என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தார். கேள்விகளை அல்ல — பாடங்களின் பெயரை மட்டும். கேள்வியைச் சொன்னால் அது டம்ப்ஸ் ஆகிவிடும் என்று அவரே சொன்னார். தோற்றுப் போன மனிதர், அந்தத் தோல்வியை எனக்கு உதவட்டும் என்று வரிசையாக எழுதி மடித்துக் கொடுத்தார். அதை வாங்கும்போது, செவ்வாய்க்கிழமை போனில் நான் பேசியதை எல்லாம் நினைத்து எனக்குக் கூசியது.

சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள், கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிட் அடிக்கிற வயதா எனக்கு? கடைசிக் கேள்வியை முடித்துப் பட்டனை அழுத்தினேன். அன்று சாயங்காலமே மெயில் வந்துவிட்டது. பாஸ். பாஸ் மார்க்கை விடப் பதினொன்று அதிகம். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே ஜாஃபருக்குத்தான் முதலில் சொன்னேன். வீட்டுக்காரருக்கு அப்புறம்.

அடுத்த வாரம் ஜாஃபர் எழுதினார். என்னைவிட எண்பது மார்க் அதிகம்! இதற்கும் கொஞ்சம் எரிச்சல் வந்தது, மறைப்பானேன்.

போன வெள்ளிக்கிழமை சர்வர் ரூமில் கடைசி மெஷினை நானும் ஜாஃபருமாக அணைத்தோம். பத்தொன்பது வருடமாகக் காதில் இருந்த இரைச்சல் நின்றது. மாடியில் எங்களுக்கு இரண்டு மேஜை போட்டிருக்கிறார்கள். ஜன்னல் ஓரம். ஸ்டோர்ஸ் ஷெட் அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது.

மேஜையில் உட்கார்ந்து முதல் மெயிலைத் திறந்தேன். சர்ட்டிஃபிகேட் கொடுத்தவர்கள் அனுப்பியது. வாழ்த்துகள் என்று ஆரம்பித்தது. மூன்றாவது வரியில் விஷயத்துக்கு வந்தார்கள். என் சர்ட்டிஃபிகேட் மூன்று வருடம் செல்லும், ஆனால் நான் எழுதிய பரீட்சை விரைவில் ஓய்வு பெறுகிறதாம். புதியது வருகிறதாம். அதே பெயர். கடைசி எண் நாலு.

பரீட்சைக்கெல்லாம் ஓய்வு கொடுக்கிறார்கள். எனக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது.

என்னிடம் ஒரு மெட்டீரியல் இருக்கிறது. ரோஸ் கலர் அட்டை, நடுவில் கொஞ்சம் கிழிந்திருக்கும், மஞ்சள் பச்சைக் கோடுகளோடு. வேண்டுமென்கிறவர்கள் தாராளமாக வந்து வாங்கிக்கொள்ளலாம். வரும்போது லாட் நம்பரைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.